முக்காலே மூணு வீசம்

போன வாரம் பேத்தி மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என் ஈஸிசேருக்கே வந்துவிட்டாள். பதினோராம் வகுப்பில் அவளுக்குப் பைத்தான் பாடம். "தாத்தா, இதுக்குக் கூட்டக்கூடத் தெரியல, பாருங்களேன்" என்று திரையைக் காட்டினாள். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டச் சொல்லியிருக்கிறாள். விடை 0.30000000000000004 என்று வந்திருந்தது.

"ஸ்கூல்ல கேட்டியாம்மா?"

"கேட்டேன் தாத்தா. பதினேழாவது எடத்துல இருக்கறதுக்கு உனக்கென்ன கவலை, கண்டுக்காதேன்னுட்டாங்க."

அந்தக் 'கண்டுக்காதே' எனக்குச் சுருக்கென்று தைத்தது. முப்பது வருஷத்துக்கு முன்னால் இதே வார்த்தையை நான் ஒரு பெரியவரிடம் சொல்லியிருக்கிறேன். அந்தக் கதையைச் சொல்லிவிட்டு, இந்த விஷயத்தில் என் கட்சி என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

1992-ஆம் வருஷம். அப்போது நான் ஒரு ஊழியர் சிக்கனக் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கர். எந்தச் சங்கம் என்பது இப்போது வேண்டாம். அறுநூறு உறுப்பினர்கள், பேரேட்டில் ஆளுக்கொரு பக்கம். அந்தப் பேரேட்டைக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காத்து வந்தவர் எங்கள் தலைமை எழுத்தர். நயா பைசா வருவதற்கு முன்பே வேலைக்குச் சேர்ந்தவர். அந்த ஜூனில் அவருக்கு ஓய்வு. கூட்டல் மிஷினைத் தொடவே மாட்டார். பென்சிலைப் பத்தியின் தலையிலிருந்து இழுத்துக்கொண்டே வருவார். அடியில் வந்து நிற்கும்போது விடை தயாராக இருக்கும்.

அந்த வருஷம்தான் சங்கத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. மாலை வகுப்பில் ஆறு மாதம் 'சி' மொழி படித்திருந்ததால் நான்தான் அதற்குப் பூசாரி. புத்தகத்தில் தனிவட்டிக் கணக்கை எப்படிப் போட்டிருந்ததோ, அப்படியே பணத்தையெல்லாம் 'ஃப்ளோட்' என்ற வகையில் வைத்து நிரல் எழுதினேன். மார்ச் 31 தேதிய பாக்கிகளை ஏற்றி மொத்தம் போடச் சொன்னேன்.

பேரேட்டில் பெரியவர் போட்டிருந்த மொத்தம் ரூ.14,37,862.39. கம்ப்யூட்டர் சொன்னது ரூ.14,37,863.25. 86 பைசா கூடுதல்.

கணக்கு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், 86 பைசா வித்தியாசத்தை வெறும் 86 பைசாவாக நினைக்க முடியாது. ஆயிரக்கணக்கில் ஒரு தப்பு கூடுதலாகவும் இன்னொரு தப்பு குறைவாகவும் நடந்து, ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மிச்சமாக 86 பைசா நிற்கலாம். அதனால்தான் அந்தக் காலத்தில் பத்து பைசா இடித்தாலும் ராத்திரி பத்து மணி வரை விளக்கெரியும்.

பெரியவர் மூன்று நாள் உட்கார்ந்து மூன்று முறை கூட்டினார். மூன்று முறையும் 39 பைசாவில்தான் வந்து முடிந்தது. ஏற்றிய தொகைகளை ஒவ்வொன்றாகப் பேரேட்டோடு ஒப்பிட்டோம். ஒன்றிலும் தப்பில்லை. ஒரே அறுநூறு தொகை, இரண்டு விடை. செயலாளர் என்னைப் பார்த்தார். "மிஷின் எப்படி சார் தப்பாக் கூட்டும்?" என்றேன். அவருக்கும் அது நியாயமாகப் பட்டது. 86 பைசாவை அனாமத்துக் கணக்கில் போட்டுச் சரிக்கட்டச் சொன்னார். பெரியவர் ஒன்றும் பேசாமல் அதில் கையெழுத்துப் போட்டார். முப்பத்தேழு வருஷ வேலையில் அவர் பேரேட்டிலிருந்து அனாமத்துக்குப் போன முதல் தொகை அது.

ஓய்வு பெறுவதற்கு இரண்டு நாள் முன்பு என்னைக் கூப்பிட்டார். சந்தேகம் தீர்வதற்காக ஒவ்வொரு தொகையும் சேரச் சேர என்ன மொத்தம் வருகிறது என்று மூன்று தசமத்துக்கு நான் அச்சடித்துக் கொடுத்திருந்தேன். அந்தத் தாளை விரித்து வைத்திருந்தார்.

"தம்பி, கடைசிப் பக்கங்களைப் பாரு. மொத்தமெல்லாம் .125, .250, .375, .500ன்னு இப்படியே முடியுது. நடுவுல வேற பைசாவே வரல. ரெண்டணா, நாலணா, ஆறணா, எட்டணா. உன் மிஷின் ரெண்டணாவுக்குக் கீழ எண்ணாது போலிருக்கே?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "சார், அணாவெல்லாம் 57-லயே போயாச்சு. கண்டுக்காதீங்க" என்றேன். அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

நான் சிரித்த அந்த ரெண்டணாவில்தான் உண்மை முழுவதும் இருந்தது. எனக்கு அது விளங்க ஐந்து மாதம் பிடித்தது. எப்படி என்று உங்களுக்கும் சொல்கிறேன். கம்ப்யூட்டர் தெரிய வேண்டாம்; பின்ன வாய்ப்பாடு ஞாபகம் இருந்தால் போதும்.

ஒன்றில் பாதி அரை. அதில் பாதி கால். அதில் பாதி அரைக்கால். அதில் பாதி வீசம், அதாவது பதினாறில் ஒன்று. அதில் பாதி அரைவீசம். கம்ப்யூட்டருக்குத் தெரிந்த பின்னங்கள் இந்த வரிசை மட்டும்தான். பாதி, பாதியில் பாதி, அதிலும் பாதி என்று போய்க்கொண்டே இருக்கும். வேறு எந்தப் பின்னமானாலும் இவற்றைச் சேர்த்துத்தான் அது செய்தாக வேண்டும்.

இப்போது பத்தில் ஒன்றை, அதாவது 0.1-ஐச் செய்து பாருங்கள். ஒரு வீசம் 0.0625. அதோடு அரைவீசம் சேர்த்தால் 0.09375. அடுத்த பாதியைச் சேர்த்தால் 0.1-ஐத் தாண்டிவிடும், அதற்கடுத்ததும் தாண்டும். அவற்றை விட்டுவிட்டு 256-இல் ஒன்றைச் சேர்த்தால் 0.09765625. 512-இல் ஒன்றையும் சேர்த்தால் 0.099609375. கிட்டே கிட்டே போகலாம், போய்ச் சேரவே முடியாது. ஒன்றை மூன்றால் வகுத்தால் நமக்கு 0.333 என்று முடியாமல் ஓடுகிறதே, அதேபோல அதற்குப் பத்தில் ஒன்று ஓடும். எங்கேயாவது ஓர் இடத்தில் வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டிய இடத்தின் துணுக்குதான் என் பேத்தி பார்த்த அந்தப் பதினேழாவது இடத்து 4.

நம் பழைய தமிழ்க் கணக்கில் இந்தத் தொல்லை இல்லை. வீச வரிசையோடு 'மா' என்று இன்னொரு வரிசையும் வைத்திருந்தார்கள். மா என்றால் இருபதில் ஒன்று. இரண்டு மா சேர்ந்தால் பத்தில் ஒன்று, மிச்சம் மீதி இல்லாமல். கம்ப்யூட்டருக்கு வீசத்தைச் சொல்லிக்கொடுத்தவர்கள் மாவைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பழைய ரூபாய்க்கு 16 அணா. அணா என்பது ரூபாயில் ஒரு வீசம். அரையணா, காலணா எல்லாம் பாதிப் பாதிதான். பை என்ற சல்லிக்காசில் மட்டும் மூன்று நுழைந்துவிடும், ரூபாய்க்கு 192 என்பதால். அதை விட்டுவிட்டால் அணாக் கணக்கு கம்ப்யூட்டருக்கு வெல்லம். 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி ரூபாயை நூறாகப் பிரித்தார்கள். நமக்குச் சுலபமாயிற்று, அதற்குக் கஷ்டமாயிற்று. ஒரு பைசா முதல் 99 பைசா வரை உள்ள தொகைகளில், ஃப்ளோட் வகையில் துல்லியமாக எழுத முடிவது 25, 50, 75 ஆகிய மூன்றைத்தான். மீதி 96-உம் தோராயம்.

இனி பெரியவர் பார்த்த ரெண்டணாவுக்கு வருகிறேன். நான் பயன்படுத்திய ஃப்ளோட் வகையில் ஓர் எண்ணுக்கு 24 இருமக் கட்டங்கள்தான் உண்டு. நம் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய ஏழு இலக்கம். எண் பெரிதானால் புள்ளி வலப்பக்கம் நகர்ந்து பின்னத்துக்கான இடத்தைத் தின்றுவிடும். புள்ளி இப்படி மிதப்பதால்தான் 'ஃப்ளோட்டிங் பாயிண்ட்' என்று பெயர். மொத்தம் 1,31,072 ரூபாயைத் தாண்டியதும் இந்த வகை எண் காலணாக் காலணாவாகத்தான் நகரும். 2,62,144-ஐத் தாண்டினால் அரையணா. 5,24,288-ஐத் தாண்டினால் ஓரணா. 10,48,576-ஐத் தாண்டினால் ரெண்டணா. நடுவில் வரும் பைசாவை எல்லாம் மேலேயோ கீழேயோ தள்ளிவிடும். எங்கள் மொத்தம் பதினாலு லட்சம். ஒவ்வொரு உறுப்பினரின் பாக்கியைச் சேர்க்கும்போதும் இப்படித் தள்ளித் தள்ளி, அறுநூறாவது ஆளுக்கு வரும்போது 86 பைசா ஏறியிருந்தது.

நவம்பர் மாதம், இந்த ஏழு இலக்கச் சங்கதியை ஒரு கையேட்டில் படித்த அன்று ராத்திரி ஒரு சோதனை செய்தேன். பதினாலு லட்சத்தில் ஆரம்பித்து ஒரு பைசாவை நூறு முறை சேர்க்கச் சொன்னேன். ஒரு ரூபாய் கூட வேண்டும். பதினாலு லட்சம் அப்படியே நின்றது. லட்சம் முறை சேர்க்கச் சொன்னேன். ஆயிரம் ரூபாய் கூட வேண்டும். அப்போதும் பதினாலு லட்சம் அசையவில்லை. பெரிய தொகைக்கு முன்னால் போய் நின்ற ஒவ்வொரு பைசாவும் வந்த சுவடு தெரியாமல் போய்விட்டது. எனக்கு உடம்பு வியர்த்தது.

மறுநாள் செயலாளரிடம் ஒப்புக்கொண்டு, அனாமத்தை ரத்து செய்து, நிரலை மாற்றி எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை பெரியவர் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார வைத்துக் காபி கொடுத்தார். நான் சொல்லி முடிக்கும் வரை கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வவுச்சர் போட்டாச்சா?"

"போட்டாச்சு சார். எதனாலன்னும் அதுலயே எழுதியிருக்கேன்."

தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் கழித்து அவரே பேசினார். "நாங்களும்தான்யா 57-ல வெட்டினோம். ஓரணான்னா ஆறேகால் நயா பைசா. கால் பைசாவுக்கு எங்க போறது? ஓரணாவுக்கு ஆறு, ரெண்டணாவுக்குப் பன்னெண்டு, மூணணாவுக்குப் பத்தொம்பது, நாலணாவுக்கு இருபத்தஞ்சுன்னு பட்டியல் போட்டுட்டாங்க. மூணு தடவ ஓரணா குடுத்தவன் பதினெட்டுதான் குடுப்பான், மொத்தமாக் குடுத்தவன் பத்தொம்பது குடுக்கணும். சண்டைக்கு வருவாங்க. ஆனா பட்டியலச் செவுத்துல ஒட்டியிருந்தோம். காட்டுவோம், போயிடுவாங்க. உன் மிஷின்ல அந்தப் பட்டியல் எங்க ஒட்டியிருந்துச்சு?"

அந்தக் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததும் அதுதான். வெட்டுவது தப்பில்லை. எங்கே வெட்டுகிறோம், எந்த விதிப்படி வெட்டுகிறோம் என்று சொல்லாமல் வெட்டுவதுதான் தப்பு. வருமான வரிச் சட்டத்தில்கூட வருமானத்தையும் வரியையும் பத்து ரூபாய்க்குச் சரிசெய்யும் விதி எழுத்தில் இருக்கிறது. யாரும் படித்துப் பார்த்துச் சரிபார்க்கலாம். அதனால் யாருக்கும் அதில் மனக்குறை இல்லை.

"86 பைசாவுக்கு இவ்வளவு பேச்சா?" என்று சிலர் கேட்கலாம். முக்காலே மூணு வீசம் சரியாக இருந்தால் போதாதா என்பார்கள். முக்காலும் மூன்று வீசமும் சேர்ந்தால் பதினாறில் பதினைந்து. மிச்சம் இருக்கும் அந்த ஒரு வீசம் எங்கே போய் உட்காரும் என்பதற்கு இரண்டு உதாரணங்கள் சொல்கிறேன்.

கனடாவில் வான்கூவர் பங்குச் சந்தை 1982 ஜனவரியில் ஒரு புதிய குறியீட்டெண்ணை 1000 என்று ஆரம்பித்தது. ஒவ்வொரு பங்கு கைமாறும்போதும் அதைத் திருத்திக் கணக்கிட்டு, மூன்று தசமத்துக்கு மேலே இருந்ததை வெட்டி எறிந்தார்கள். அருகில் உள்ள எண்ணுக்குச் சரிசெய்யவில்லை, எப்போதும் கீழேயே வெட்டினார்கள். ஒரு வெட்டுக்கு ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான வெட்டு. 1983 நவம்பரில் குறியீட்டெண் 524-இல் வந்து நின்றது. சரியாகக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது அது 1098-க்கு மேல் இருந்திருக்க வேண்டும். நல்ல சந்தையைப் பாதிக்குப் பாதி விழுந்த சந்தையாகக் காட்டியது அந்தக் கடைசித் துணுக்கு.

இரண்டாவது உதாரணத்தில் உயிரே போயிருக்கிறது. 1991 வளைகுடாப் போரின்போது சவுதி அரேபியாவில் தஹ்ரான் நகரில் ஒரு பேட்ரியட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு இருந்தது. அதன் கடிகாரம் வினாடியில் பத்தில் ஒன்றாக எண்ணும். நாம் மேலே பார்த்த அதே பத்தில் ஒன்றை 24 கட்டங்களில் வெட்டி வைத்திருந்தார்கள். ஒரு எண்ணிக்கைக்கு ஏற்பட்ட பிழை வினாடியில் ஒரு கோடியில் ஒரு பங்கு அளவுதான். ஆனால் அமைப்பை நிறுத்தாமல் நூறு மணி நேரத்துக்கு மேல் ஓட்டியதில் கடிகாரம் ஏறக்குறைய 0.34 வினாடி பிசகியிருந்தது. அந்த நேரத்தில் ஒரு ஸ்கட் ஏவுகணை அரை கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். பிப்ரவரி 25 அன்று வந்த ஸ்கட்டை அந்த அமைப்பு தப்பான இடத்தில் தேடிவிட்டு, ஒன்றும் இல்லை என்று விட்டுவிட்டது. ராணுவக் குடியிருப்பில் அது விழுந்து 28 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். இந்தப் பிசகு இரண்டு வாரத்துக்கு முன்பே இஸ்ரேலியர்கள் சொல்லித் தெரிந்திருந்தது. திருத்திய நிரல் தஹ்ரானுக்குப் போய்ச் சேர்ந்தது மறுநாள், பிப்ரவரி 26.

இதற்காக ஃப்ளோட்டிங் பாயிண்டையே குறை சொல்ல நான் வரவில்லை. அளப்பது வேறு, எண்ணுவது வேறு. பாலத்தின் பாரம், காற்றின் வேகம், நட்சத்திரத்தின் தூரம் எல்லாம் அளவுகள். அளவு என்றாலே கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அதற்கு இந்த எண் வகை அருமையான கருவி. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த வில்லியம் கஹான் போன்ற கணித அறிஞர்கள் பாடுபட்டு, எல்லாக் கம்பெனிக் கம்ப்யூட்டரும் ஒரே மாதிரி வெட்ட வேண்டும் என்று 1985-இல் ஒரு பொதுத் தரம் கொண்டுவந்தார்கள். அதிலே வெட்டும் விதி எழுத்தில் இருக்கிறது. பெரியவர் சொன்ன பட்டியலைச் சுவரில் ஒட்டியவர்கள் அவர்கள். கஹானுக்கு 1989-இல் டூரிங் விருது கிடைத்தது.

ஆனால் பணம் அளவு இல்லை, எண்ணிக்கை. நெல்லைப் படியால் அளக்கலாம், காசை எண்ணித்தான் கொடுக்க வேண்டும். இது தெரிந்துதான் பழைய 'கோபால்' மொழிக்காரர்கள் பணத்தைத் தசம இலக்கமாகவே வைத்தார்கள். இப்போதும் ஒழுங்காக எழுதப்பட்ட நிரல்கள் தசம வகையில் வைக்கும், அல்லது எல்லாவற்றையும் முழுப் பைசாவாக்கி வைக்கும். நான் மாற்றி எழுதியதும் அப்படித்தான்: 14,37,862.39 என்பதற்குப் பதில் 14,37,86,239 பைசா. புள்ளியும் இல்லை, மிதப்பும் இல்லை.

ஆகவே நிரல் எழுதும் பிள்ளைகளுக்கு இந்தக் கிழவன் சொல்வது இதுதான். காசைப் பைசாவாக எண்ணுங்கள். வட்டி கணக்கிடும்போது வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால், எந்த இடத்தில், எந்தப் பக்கம் என்று ரசீதிலேயே ஒரு வரி எழுதுங்கள். தனிவட்டிக்கு ஃப்ளோட் போடும் பாடத்தை எடுக்கிற ஆசிரியர்கள், இது அளவுக்கான வகை, பணத்துக்கு ஆகாது என்று சொல்லிவிட்டு எடுங்கள்.

என் வயதுக்காரர்களுக்கும் ஒன்று. ஓய்வூதியத்திலோ வட்டியிலோ சில பைசா இடித்தால், கவுண்டரில் இருப்பவர் "கம்ப்யூட்டர் போட்டது சார்" என்பார். அது பதில் ஆகாது. நானும் ஒரு காலத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அதைச் சொன்னவன். எந்த விதிப்படி போட்டது என்று பொறுமையாகக் கேளுங்கள். பைசாவுக்காகக் கேட்கவில்லை என்பது உங்களுக்குத் தெரிந்தால் போதும். அன்றைக்கு எங்கள் பெரியவர் கேட்டதும் பைசாவுக்காக இல்லை.

பேத்திக்கு இவ்வளவும் சொல்லிவிட்டு, "பைசாவில் போடு" என்றேன். 10-ஐயும் 20-ஐயும் கூட்டினாள். 30 வந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒரு ரூபாயை மூணு பேருக்குப் பிரிக்கணும்னா என்ன தாத்தா பண்றது?" என்று கேட்டாள்.

"ஆளுக்கு முப்பத்து மூணு. மிச்சம் ஒரு பைசா யாருக்குன்னு மூணு பேரும் உக்காந்து பேசி முடிவு பண்ணி எழுதி வெச்சுக்கணும்" என்றேன். "அது கம்ப்யூட்டர் வேலை இல்லம்மா. நம்ம வேலை."